கூட்டித் துப்புரவாக்கிய கரை

"கூலிக்கு வயலில அருவி வெட்டப் போற வீட்டுப் பிள்ளை. சட்டமூலம் வாசிச்சு என்னத்தைக் காணப்போகுது? தேத்தண்ணி ஒழுங்காப் போடுமோ எண்டு கேளுங்கோ."

நான் வேலை கேட்டுப் போன அன்று, எங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் தனிச்செயலாளர் தவராசா அண்ணன் சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை, உள்ளே இருந்த எம்.பி.யிடம் சொன்னார். ஆனால் கந்தோர்க் கதவு திறந்திருந்தது, நான் வெளியே கதிரையில் இருந்தேன். கூப்பிட்டதும் உள்ளே போய், "தேத்தண்ணியும் போடுவன் ஐயா, சட்டமூலமும் வாசிப்பன். சம்பளத்தை வாசிக்கிறதுக்கு மட்டும் தாங்கோ" என்றேன். எம்.பி. சிரித்தார். தவராசா அண்ணன் சிரிக்கவில்லை. வேலை கிடைத்தது.

இதை இப்போது எழுதக் காரணம், வேறொரு உறுப்பினரின் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கச்சி. போனவாரம் அவள் கேட்டாள்: "அக்கா, சட்டமூலம் எல்லாம் இப்ப போனிலயே வந்துடுது. பிறகு எங்களுக்கு என்ன வேலை?" எனக்கு வயது இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் அந்த உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவள் நான், ஓய்வூதியம் இல்லாத ஓய்வு. அவளுக்கு வாயால் சொல்லத் தொடங்கினால் கோபம் முந்திக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குப் பயந்து வந்தவர்கள். உயிலங்குளத்துக்கு அப்பால் உள்ள வயல்களில் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனார்கள். இருவருமே கைநாட்டு. கடைசிப் போரில் முகாமுக்குப் போனோம். அங்கே தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நின்று, காவல் நின்ற சிப்பாய்களோடு கதைத்துக் கதைத்துச் சிங்களம் பழகினேன். மீள்குடியேற்றம் என்று திரும்பி வந்தபோது எங்கள் சிற்றூர் முழுவதும் முள்ளுக்கம்பிக்குள்ளே, படைமுகாமாக இருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் தெருவோரம் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். அந்தத் தகரத்துக்குள் படித்துப் பட்டம் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படலையைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு ஒருபோதும் கூச்சம் வந்ததில்லை.

எம்.பி. முன்பு கல்லூரி அதிபராக இருந்தவர். குரல் உயர்த்தமாட்டார். எவரையும் கதிரையில் இருத்திவிட்டுத்தான் கதைப்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் எடுத்தது. ஒரு காரியத்தைச் செய்யப்போகிறார் என்றால் ஒன்றும் சொல்லமாட்டார், எழும்பிக் காலில் போடச் சப்பாத்தைத் தேடுவார். இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் "பாப்பம் பிள்ளை" என்பார். செய்யவே மாட்டார் என்றால் பாராட்டுவார். "அருமையான யோசனை" என்று கேட்டுவிட்டுச் சந்தோசமாகப் படியிறங்கிப் போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று இருக்கும்.

சட்டமூலம் வாசிப்பது எப்படி என்று அந்தத் தங்கச்சிக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். முதற்பக்கத்தை வாசிக்காதே. முதற்பக்கத்தில் எப்போதும் நல்லதே இருக்கும். எங்கள் கந்தோருக்கு வந்த எரிசக்திச் சட்டமூலத்தின் முதற்பக்கத்திலும் காலநிலை மாற்றம் இருந்தது, புகையில்லாத மின்சாரம் இருந்தது, வருங்காலத் தலைமுறை இருந்தது. அது பொய்யும் இல்லை. கடல் கரையைத் தின்கிறது. மழை தவறிய காலத்தில் பெய்து விளைந்த நெல்லைப் படுக்க வைக்கிறது. வயலில் நின்ற எங்களுக்கு அதை ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. காற்றாலைக்கு நான் எதிரி இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள் மின்சாரத்துக்கு எதிரியாக முடியாது.

ஆனால் உள்ளே, நடுவில், ஒரு வாசகம் இருந்தது. சட்டமூலத்தின் ஒவ்வொரு பந்தியையும் வாசகம் என்பார்கள். குடியிருப்போ தொழிலோ இல்லாத கரையோர நிலம் எது என்பதைப் பாராளுமன்றக் குழுவொன்று நேரில் பார்த்து அறிக்கை தரும், அப்படிக் கண்ட நிலத்தை ஊராரிடம் கேளாமலே மின்வலயமாக்கலாம் என்றது அந்த வாசகம். சட்டமூலம் தேறுமுன்னமே குழு பார்க்கவிருந்த முதல் இடம் மன்னார்த் தீவின் தென்கரை.

தென்கரையில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டால், எப்போது என்று திருப்பிக் கேட்கவேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கரையில் இடமே இருக்காது. கரைவலை இழுப்பவர்கள் ஓலையாலும் கம்பாலும் வாடி என்ற குடில்கள் போட்டு, கருவாடு காயவைத்துக்கொண்டு, குடும்பத்தோடு இருப்பார்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுத் தொடங்கித் தெற்குக் கடல் கொந்தளித்தால், வாடியைப் பிரித்துக் கம்பையும் பிடுங்கிக்கொண்டு தீவின் வடகரைக்குப் போய்விடுவார்கள். காற்று மாறினால் திரும்பி வருவார்கள்.

குழு சோளகத்தில் வருவதென்று தீர்மானித்தது. காற்றின் வேகத்தை உறுப்பினர்களுக்குக் காட்டவேண்டுமாம்.

"ஐயா, வாடைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கோ. இப்ப வந்தால் ஒருத்தரையும் காணமாட்டினம்" என்றேன்.

"பாப்பம் பிள்ளை" என்றார் எம்.பி. கேட்டும் பார்த்தார். குழுவின் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடன் தரும் வெளிநாட்டார் சட்டம் சீக்கிரம் நிறைவேறவேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள்.

சரி, கரையில் ஆட்கள் இல்லாவிட்டாலும் அடையாளங்கள் இருக்கும் என்று நினைத்தேன். அறுந்த வலை, கயிற்றுத் துண்டு, மிதவை, கருவாடு காயவைத்த பந்தல், மீன் தலை, அடுப்புக் கல். அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுவேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு குழுவின் வாகனத்தில் போனேன். வடகரைக்குப் போயிருந்த பெண்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். பெரிய ஆட்கள் கரையைப் பார்க்க வருகிறார்கள், நீங்களும் வந்து நில்லுங்கள் என்று.

வாகனம் பனங்கூடலைத் தாண்டிக் கரைக்கு வந்தது. மணல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. ஒரு கயிற்றுத் துண்டு இல்லை. ஒரு மீன்முள் இல்லை. விளக்குமாற்றுக் கோடுகள்கூட இல்லை, காற்று அவற்றையும் அழித்திருந்தது.

பிலோமினா அக்கா முன்னால் வந்தா. கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனின் கரைவலைப் பாட்டை, அதாவது அந்தக் கரையில் வலை இழுக்கும் உரிமையை, அவ தானே நடத்திக்கொண்டிருந்தா. பத்து ஆம்பிளைகளை வைத்து வேலை வாங்குகிறவ. அன்று கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தா.

"எப்பிடிப் பிள்ளை, மடு மாதா கோயில் முற்றம் மாதிரி இருக்கோ? நேற்று முழுக்க இருபது பொம்பிளையள் கூட்டினனாங்கள். பந்தலையும் பிரிச்சு, குப்பையை எல்லாம் எரிச்சுப்போட்டம். பெரிய ஆக்கள் வரேக்க மீன் நாத்தம் அடிச்சால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

நான் குனிந்து, மணலில் ஒரு மிதவையாவது கிடக்குமா என்று தேடினேன்.

குழுவின் தலைவர் தெற்கைச் சேர்ந்தவர், கெட்ட மனிதர் இல்லை. காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார். "இவ்வளவு அழகான கரை, ஒரு மனிசர் இல்லையே" என்று சிங்களத்தில் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அதில் களவு இல்லை. கண்டதைச் சொன்னார்.

பிறகு கோயில் மண்டபத்தில் ஊராரின் கருத்துக் கேட்டார்கள். மொழிபெயர்த்தது நான்.

"நாங்கள் அங்கதான் ஐயா தொழில் செய்யிறது. என்ர மாமனார் காலத்திலயிருந்து" என்றா பிலோமினா அக்கா.

"நாங்கள் இப்போதுதானே பார்த்துவிட்டு வருகிறோம். அங்கே ஒன்றும் இல்லையே?"

"நீங்கள் வாறியள் எண்டுதானே கூட்டினனாங்கள்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் உறுப்பினர்கள் சிரித்தார்கள். பிலோமினா அக்காவுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. "ஏன் சிரிக்கினம்? இவையின்ர வீட்டுக்கு ஆக்கள் வந்தால் இவை கூட்டமாட்டினமோ?" என்று என்னைக் கேட்டா. அதையும் மொழிபெயர்த்தேன். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் துப்புரவுக்கு நன்றி சொன்னார். மத்தியானம் கீரிக் கடற்கரை விடுதியில் அவர்களுக்குச் சாப்பாடு. அறிக்கையில் அந்தக் கரைக்கு ஒரே ஒரு வரி இருந்தது: குடியிருப்பும் தொழிலும் காணப்படவில்லை.

எஞ்சியிருந்தது ஒரு வழி. ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்து, விவாதம் முடிந்து, இரண்டாம் வாசிப்பில் தேறிய பிறகு, சபை முழுவதும் ஒரு குழுவாக மாறி வாசகம் வாசகமாக எடுக்கும். அதைக் குழுநிலை என்பார்கள். அந்த நேரத்தில் திருத்தம் கொண்டுவரலாம். ஆனால் அறிவித்தல் கொடுத்த உறுப்பினர் தன் கதிரையில் இருக்கவேண்டும். வாசகத்தின் இலக்கம் வாசிக்கப்படும்போது எழும்பவேண்டும். எழும்பாவிட்டால் திருத்தம் இல்லை. தோற்கடிக்கப்பட்டது என்றும் எழுதமாட்டார்கள். அப்படி ஒன்று இருந்ததாகவே இராது. நாட்டின் தலையெழுத்தை எழுதும் வேலையில் மிக வேகமாக நடப்பது இந்தப் பகுதிதான். பத்திரிகைக்காரர் எழும்பித் தேத்தண்ணிக்குப் போயிருப்பார்கள்.

திருத்தத்தை நான் எழுதினேன். வருடத்தின் எந்தப் பருவத்திலேனும் தொழில் நடக்கும் கரை, தொழில் நடக்கும் கரையாகவே கொள்ளப்படவேண்டும். ஊராரிடம் கேட்கும் விசாரணையை அந்தப் பருவத்திலேயே நடத்தவேண்டும். இவ்வளவுதான். சட்டவரைஞர் ஒருவர் பார்த்து ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எம்.பி. அதை வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிச் சப்பாத்தைத் தேடினார். அன்றே போய் அறிவித்தல் கொடுத்தார். நான் வடகரைக்கு பஸ் ஏறிப்போய்ப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப கரை எங்களுக்குத்தானே?" என்றா பிலோமினா அக்கா.

"ஐயா எழும்பினால் எங்களுக்குத்தான் அக்கா."

"ஏன், அவருக்குக் காலில ஏதும் வருத்தமோ?"

எல்லாரும் சிரித்தோம்.

ஆளும் பக்கம் அப்போது இரண்டாகப் பிளந்து நின்றது. எங்கள் சிறிய அணியின் திருத்தத்துக்கு எதிரணி கை கொடுத்தால் அது நிறைவேறிவிடும். நிறைவேறினால் குழுவின் அறிக்கை செல்லாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும், கடன் பிந்தும். அதனால் அந்த வாரம் முழுக்க எங்கள் எம்.பி.யை அமைச்சர்கள் தேடி வந்தார்கள்.

வாக்கெடுப்பு நாள் காலை, கொழும்பில் அவர் தங்கும் வீட்டில் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தவர், நிமிராமல் சொன்னார்: "உங்கட ஊரை விடுகினமாம் பிள்ளை."

"எங்கட ஊரையோ?"

"ஓம். முகாமைப் பின்னுக்கு நகர்த்துகினமாம். உங்கட அப்பாவின்ர காணி, மற்றச் சனத்தின்ர காணி, எல்லாம்."

"அதுக்கும் இண்டைக்கும் என்ன ஐயா சம்பந்தம்?"

"அங்கை எல்லாத்துக்கும் எல்லாத்தோடயும் சம்பந்தம் பிள்ளை. இத்தனை வருசம் தகரத்துக்குள்ள இருக்கிற சனம். நான் எத்தனை தரம் சபையில கத்தினனான்? ஒரு முழம் நகர்த்தினவையோ?"

தவராசா அண்ணன் வாசலில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

நான் வெளியே போய் அப்பாவுக்கு போன் எடுத்தேன். விபரம் எல்லாவற்றையும் சொன்னேன், கரையையும் சொன்னேன். அவர் கேட்டார்: "நெசமா குடுக்குறாங்களாம்மா?"

"அப்பிடித்தான் சொல்லுறாங்கப்பா."

"அப்ப வாங்கிக்கம்மா. குடுக்குற நேரம் வாங்கிக்கணும். தகரத்துக்குள்ள ஒங்கம்மா வெந்துகிட்டு கெடக்குறா."

"அந்த ஆளுங்களுக்குக் கரை போயிருமேப்பா."

"அவுங்க போனா நம்ம என்னாம்மா பண்ண முடியும். நம்ம போனப்ப யாரு என்னா பண்ணுனாங்க."

போனை வைத்தேன். ஆனாலும் உள்ளே போய் எம்.பி.யிடம் சொன்னேன்: "ஐயா, காணி எங்கட சொந்தக் காணி. அதை விடுகிறதுக்கு இன்னொருத்தற்ற கரையை விலையாக் கேக்கிறது அநியாயம். நீங்கள் எழும்பவேணும்."

அவர் கை கழுவித் துடைத்துக்கொண்டு என் தோளில் தட்டினார். "திருத்தம் வடிவா எழுதியிருக்கிறீர் பிள்ளை. இவ்வளவு வடிவா ஒருத்தரும் எழுதேல்லை" என்றார்.

அவர் பாராட்டிவிட்டார்.

பார்வையாளர் கலரிக்குப் போகும்போது போனைக் கீழே வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே கதைக்கக்கூடாது, எழும்பக்கூடாது, கைகாட்டக்கூடாது. நான் முன்வரிசையில் இருந்தேன். இரண்டாம் வாசிப்பு தேறியது. குழுநிலை தொடங்கியது. எங்கள் எம்.பி. கதிரையில்தான் இருந்தார். வாசகங்களின் இலக்கங்களை, இங்கே பஸ்ஸில் நடத்துநர் தரிப்புகளின் பெயரைச் சொல்வது மாதிரி, சொல்லிக்கொண்டே போனார்கள். நம்முடைய வாசகத்துக்குச் சில வாசகங்கள் முன்னதாக அவர் எழும்பினார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், தவிசாளரை நோக்கித் தலை குனிந்தார், பின்கதவால் வெளியே போனார்.

நம்முடைய இலக்கம் வாசிக்கப்பட்டது. தவிசாளர் எம்.பி.யின் பெயரைச் சொல்லி நிமிர்ந்து பார்த்தார். கதிரை வெறுமையாக இருந்தது. எதிரணியில் ஒருவர் ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார். அதற்குள் அடுத்த இலக்கம் வந்துவிட்டது. ஒருவரும் எங்களுக்கு எதிராக ஒரு சொல் சொல்லவில்லை. ஒருவரும் எங்களுக்கு எதிராக வாக்களிக்கவில்லை. அந்தக் கரை அப்படித்தான் போனது.

மூன்றாம் வாசிப்புக்கு அவர் திரும்பி வந்து, ஆதரவாகக் கை உயர்த்தினார்.

கீழே இறங்கியபோது தவராசா அண்ணன் சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்றார். கையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஒன்றை என்னிடம் நீட்டினார். "குடியும் பிள்ளை. இந்த மனிசனும் பாவம்" என்றார். வாங்கிக் குடித்தேன்.

சொன்ன வாக்கைப் பாதி காப்பாற்றினார்கள். முகாம் பின்னுக்குப் போனது, ஊர்க் கிணறு கம்பிக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பாவின் காணி கம்பிக்கு வெளியே வந்தது. வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறைக் கல்வீடு கட்டினோம். அம்மா வாசலில் செவ்வரத்தை நட்டா. அப்பா சீமெந்துத் தரையில் படுத்து முதுகைத் தேய்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த வாடைக்குத் தென்கரையில் வேலி போட்டிருந்தார்கள். பிலோமினா அக்காவின் வலை வேலிக்கு வெளியே தோணியின் மேல் கிடந்தது. "தோணி விக்கப்போறன்" என்றா. பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துக் கேட்டா: "உங்கட புது வீட்டுக்குள்ள காத்து நல்லா வருதோ, தங்கச்சி?"

அந்த வீட்டுக்கு என்ன விலை போனது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சின்ன ஊர். "வருது அக்கா" என்றேன்.

அந்த வாரமே வேலையை விட்டேன். எம்.பி. மறிக்கவில்லை. "உம்மை மாதிரி ஒரு ஆள் இனிக் கிடைக்காது" என்று பாராட்டினார்.

தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். போனில் வருவது சட்டமூலம். வேலை அதற்கு வெளியே இருக்கிறது. எந்தக் காற்றில் எந்தக் கரையில் ஆள் இருக்கும் என்பது போனில் வராது. இன்னொன்றையும் மறக்காதே. எங்கள் நாட்டில் நிறைவேறிவிட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் தொட முடியாது. நிறைவேறுமுன், சட்டமூலம் சபையில் வைக்கப்பட்ட சில நாட்களுக்குள், ஒரு சாதாரண மனிசர் மனுக் கொடுத்தாலும் உயர் நீதிமன்றம் கேட்கும். அன்று நாங்கள் எம்.பி.யை நம்பி அந்த நாட்களைக் கைவிட்டோம்.

இந்த மாதம் அந்தச் சட்டத்துக்குத் திருத்தச் சட்டமூலம் வந்திருக்கிறது. முதற்பக்கத்தில் மறுபடியும் வருங்காலத் தலைமுறை. உள்ளே, மின்வலயத்தை வடகரைக்கும் நீட்டும் வாசகம். வடகரையைப் பார்க்கக் குழு வாடையில் வருமாம். அங்கே ஆட்கள் இல்லாத காலம் அது.

வர்த்தமானி வந்த அன்றே நான் பிலோமினா அக்காவிடம் போனேன். அவ தோணியை இன்னும் விற்கவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "இந்தமுறை ஆர் எழும்போணும்?" என்றா. "நீங்களும் நானும்" என்றேன். வடகரையில் நின்ற மற்றப் பெண்களைப் பார்த்து அவ சத்தம் போட்டா: "இனி ஒருத்தியும் கரையைக் கூட்டக்கூடாது. கம்பையும் பிடுங்காதேங்கோ. நாறட்டும்."

நேற்று முன்தினம் கொழும்பில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தோம். முதலாம் மனுதாரர் பிலோமினா அக்கா, இரண்டாம் மனுதாரர் நான். முகவரி கேட்ட இடத்தில் அப்பாவின் காணியைத்தான் எழுதினேன். வேறு முகவரி எனக்கு இல்லை.